பைகளுக்குக் காவல் இருந்தவள்

உங்கள் காவல் நிலையத்துக் காபி குடிக்கும்படியாக இல்லை, ஹாலிஸ் தம்பி. குறையாகச் சொல்லவில்லை. காலையில் போட்டதையே சாயங்காலம் வரை சுடவைத்துக்கொண்டிருந்தால் எந்தக் காபியும் இப்படித்தான் ஆகும். எங்கள் வீடாக இருந்தால் இந்நேரம் எலுமிச்சை பிழிந்த ஐஸ் டீயும் நான் சுட்ட சீஸ் குச்சிகளும் உங்கள் முன்னால் இருந்திருக்கும்.

எங்கள் வீடு என்று சொன்னதும் உங்கள் பக்கத்தில் இருக்கும் அந்த அம்மாள் புருவத்தைத் தூக்குகிறார். தூக்கட்டும். கல்லூரித் தெருவில் அந்த வெள்ளைத் தூண் வீடு யார் பெயரில் வேண்டுமானாலும் இருக்கலாம். அதில் எந்தப் படி முனகும், எந்தப் பெண் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். வீட்டம்மா என்று சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். சமையல்காரரை மேய்ப்பது, பூவுக்குச் சொல்வது, காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது. எந்தப் பெண்ணைச் சேர்ப்பது என்பதில் மட்டும் எனக்கு ஓட்டு கிடையாது. அதைப் பற்றி நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். பேசுவதற்கு எனக்கு எந்தக் காலத்திலும் துணை தேவைப்பட்டதில்லை.

இந்தக் கல்லூரிப் பெண்கள் சங்கங்களைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் மனைவியும் இதே கல்லூரிதானே. பச்சைக் கதவு வீட்டுக்கு ஆசைப்பட்டு, கடைசி நாளில் கிடைக்காமல், ரயில் பாலத்துப் பக்கம் இருக்கிற சின்ன வீட்டில் சேர்ந்தார். முகம் சிவக்க வேண்டாம், அதுவும் நல்ல வீடுதான். கூரைதான் ஒழுகும். ஆனால் அந்தப் பெட்டி பதிவுசெய்துகொண்டிருக்கிறது, கேட்பவர்கள் வெளியூர்க்காரர்களாக இருக்கலாம், அதனால் சொல்கிறேன்.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்குவதற்கு முந்தின வாரம், புதிதாகக் கல்லூரிக்கு வந்த பெண்கள் கூட்டம் கூட்டமாக எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். ஒரு சங்கத்துக்கு ஒரு வீடு. யார் எந்த வீட்டுச் சகோதரி ஆவாள் என்று முடிவாகிற வாரம். தினமும் வீடுகள் சில பெண்களைக் கழிக்கும். பெண்களும் சில வீடுகளைக் கழிப்பார்கள். கடைசி நாளில் ஒருத்திக்கு மிஞ்சுவது இரண்டே வீடு. கறுப்பு கவுன் போட்டுக்கொண்டு இரண்டிலும் போய் உட்கார்ந்துவிட்டு, நேரே கல்லூரி மண்டபத்துக்குப் போய், எது வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். இரண்டில் ஒன்றுக்குப் போகாமல் விட்டால் அந்த வீடு அவளை மறந்துவிடும். காரணம் கேட்க மாட்டார்கள். கதவு சாத்தினால் சாத்தியதுதான். இந்த விதியைப் போட்டது நான் இல்லை.

இன்னொரு விதியையும் நான் போடவில்லை. பெண்கள் வெறுங்கையோடுதான் உள்ளே வர வேண்டும். பை, போன் எல்லாம் வெளியே புல்வெளியில் வைத்துவிட வேண்டும். பார்த்திருப்பீர்கள், அலபாமா வெயிலில் குட்டிக் குட்டிப் பைகள் ஆட்டு மந்தை மாதிரி கிடக்கும். அதற்குக் காவலாக வேறு வீடுகளைச் சேர்ந்த மூத்த பெண்கள் நிற்பார்கள். அந்த வாரம் மட்டும் அவர்கள் தாங்கள் எந்த வீடு என்று வெளியே சொல்லக் கூடாது. பாவம், வெயிலில் அவர்கள் முகத்துப் பூச்செல்லாம் வழிந்து கழுத்துக்கு வந்துவிடும். நான் எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, "உள்ள போய் கொஞ்சம் ஏசியில நில்லுங்க கண்ணுங்களா, பையை நான் பாத்துக்கறேன்" என்பேன். நன்றி சொல்லிவிட்டு ஓடுவார்கள்.

பார்த்துக்கொள்வேன் என்றால் பார்க்கத்தான் செய்வேன். ஒரு பெண்ணிடம் அரை மணி நேரம் பேசினாலும் அவளைத் தெரியாது. அவள் பையைத் திறந்தால் தெரிந்துவிடும். கால் கடிக்கும் என்று மாற்றுச் செருப்பு கொண்டுவந்தவள் அம்மா பேச்சு கேட்பவள். உதட்டுச் சாயம் மட்டும் வைத்திருப்பவள் அடுத்தவளிடம் கடன் கேட்பவள். என் கண்ணில் பட்டதைச் சாயங்காலம் சமையலறையில் சொல்வேன். அதற்கு எங்கள் பெண்கள் வைத்த பெயர் வானிலை அறிக்கை.

"வெர்லீனம்மா, இன்னிக்கு வானிலை எப்படி?" என்று கேட்டுக்கொண்டே வருவாள் சட்டன். அவள்தான் இந்த வருஷத் தலைவி.

"பொதுவா வெயிலுதான். அந்த மஞ்சள் கவுன்காரி பக்கம் மட்டும் மேகமூட்டம். பைக்குள்ள சிகரெட் வாசனை."

"ஐயோ, அவ ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாடுவேன்னு சொன்னாளே."

"பாடட்டும். குரலு கொஞ்சம் கரகரன்னு இருக்கும்."

சிரிப்பார்கள். மறுநாள் மஞ்சள் கவுன்காரி வரமாட்டாள். இப்போது நீங்கள் கேட்டதற்கு, "வெர்லீனம்மா பையைத் திறப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும். வளர்த்தது நான், எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா.

லின்லி விஷயத்துக்கு வருகிறேன். அவசரப்படாதீர்கள்.

லின்லி ப்ரூயிட். தெற்கே நிலக்கடலை விளைகிற பக்கம் அவள் ஊர். முதல் நாள் எங்கள் பெண்கள் வாசலில் ஒருத்தி மேல் ஒருத்தி ஏறி நின்று கைதட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள், வழக்கம்போல. உள்ளே சென்ட் வாசனை சுவரில் அப்பியிருந்தது. இந்தப் பெண் இருமிக்கொண்டே தப்பிப் பின்கட்டுக்கு வந்துவிட்டாள். நான் சீஸ் குச்சிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்று பைகளுக்கு அத்தனை கெடுபிடி இல்லை, கையிலேயே நீல இன்ஹேலர் வைத்திருந்தாள். உறிஞ்சிவிட்டு மூச்சு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், என் பெயரைக் கேட்டது.

தம்பி, அந்த வீட்டுக்கு வருகிற புதுப் பெண்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா. கோட்டு மாட்டுகிற கம்பத்தைப் பார்ப்பதுபோல. இடித்துக்கொள்ளாமல் போனால் போதும் அவர்களுக்கு. இவள் பெயரைக் கேட்டாள். உட்கார்ந்தாள். குச்சியைக் கடித்துவிட்டு, "இதுல மிளகாய்த்தூள் போட்டிருக்கீங்க, சரியா?" என்றாள். இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கண்டுபிடித்ததில்லை.

"இழுப்பு சின்ன வயசுலருந்தா கண்ணு?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. சென்ட் வாசனைகூடச் சமாளிச்சிடுவேன். லில்லிப் பூ மட்டும் ஆகவே ஆகாது. ஸ்கூல் டான்ஸுக்குக் கூட்டிட்டுப் போக வந்த பையன் கை நெறைய லில்லியோட வந்து நின்னான். அவன் ஆஸ்பத்திரி வராந்தாவுல கோட்டு சூட்டோட உக்காந்திருந்தான், நான் உள்ள மாஸ்க்கோட படுத்திருந்தேன். அதான் எங்க டான்ஸு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் எங்கள் வீட்டுப் பெண். மாடியில் ஜன்னலோரக் கட்டில் ஒன்று உண்டு, மரம் தெரியும், காற்று வரும். அதை அவளுக்கு என்று மனதுக்குள் ஒதுக்கிவிட்டேன். ஓட்டு இல்லாதவள் கட்டில் ஒதுக்கலாம், அதற்குத் தடை இல்லை.

அவள் எல்லாச் சுற்றிலும் தேறி வந்தாள். கடைசி நாளுக்கு முந்தின நாள் எங்கள் புல்வெளியில் நின்று அவள் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை. காது இருந்தது, கேட்டது.

"பச்சைக் கதவுதாம்மா. முடிவு பண்ணிட்டேன். இல்ல, இங்கயும் நல்லவங்கதான். வீட்டம்மா ஒருத்தங்க இருக்காங்க, பாவம், ரொம்பப் பேசுறாங்க. யாரும் அவங்ககிட்டப் பேசுறதில்ல போல. போறப்ப வர்றப்ப ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறேன், சந்தோஷப்படுறாங்க."

இதை அவள் அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார். அதனால்தான் நான் செய்தேன் என்று உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. அது தப்பு. எனக்கு அது வலிக்கவே இல்லை. ஒரு சின்னப் பெண் பாவம் என்று சொன்னால் வலிக்கிற வயதா எனக்கு. நான் செடிக்கு முழுசாகத் தண்ணீர் விட்டு முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

நான் யோசித்ததெல்லாம் அவள் நல்லதுக்காக. பச்சைக் கதவு வீட்டைப் பற்றி எனக்குத் தெரியும். அங்கே பெண்கள் மதியத்துக்கு ஐஸ் கட்டியையும் வெள்ளரிக்காயையும் கடித்துக்கொண்டு இருப்பார்கள். அவர்கள் வீட்டம்மா வாரம் மூன்று நாள் தங்கை வீட்டில் இருப்பாள். ராத்திரி இழுப்பு வந்தால் இந்தப் பெண்ணை யார் பார்ப்பது. ஒருத்தி தனக்கு எது நல்லது என்று தெரியாமல் தப்பான கதவைத் தட்டப்போகிறாள். அந்தக் கதவு அவளுக்குச் சாத்தியிருந்தால் என்ன. மறுநாள் முதலில் எங்கள் வீடு, அடுத்து எதிர்ச்சாரியில் அவர்கள் வீடு. நடுவில் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். என் அறையில் குளிர்ச்சியாக உட்கார்த்திவைத்து, நெற்றிக்கு ஈரத்துணி போட்டு, அவர்கள் கதவு சாத்தியதும் இன்ஹேலரைக் கையில் கொடுத்தால் முடிந்தது. கொஞ்சம் அழுவாள். பிறகு எங்கள் வீட்டைச் சொல்லிவிட்டு ஜன்னலோரக் கட்டிலுக்கு வருவாள். இந்தத் தெருவில் பெண்களைத் தங்கள் பக்கம் இழுக்க யார்தான் என்ன செய்யவில்லை. கடிகாரத்தைத் திருப்பிவைத்த வீடு உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், உங்கள் மனைவியைக் கேளுங்கள்.

கடைசி நாள் சடங்குக்கு எப்போதும் வெள்ளை ரோஜாதான் சொல்வோம். அன்று காலையில் பூக்கடைக்குப் போன் செய்து லில்லி அனுப்பச் சொன்னது நான்தான்.

"வெர்லீனம்மா, ரோஜாதானே சொன்னோம்?" என்றாள் சட்டன்.

"வெயில்ல வாடிப்போய் வந்துச்சு கண்ணு. திருப்பி அனுப்பிட்டேன்."

"பரவால்ல, போட்டோவுல இதுவே பெருசாத் தெரியும்." அதற்குள் அவள் வேறு பக்கம் திரும்பிவிட்டாள். லில்லி வந்ததில் யாருக்கு என்ன ஆகும் என்று அவர்களில் ஒருத்தியும் யோசிக்கவில்லை. இருமுகிற பெண் ஒருத்தி வருகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அறிக்கையில் சொல்லியிருந்தேன்.

லின்லி கறுப்பு கவுனில் வந்தாள். அன்று காவலுக்கு நின்றவள் கிரியர் என்கிற பெண். நல்ல பெண், கொஞ்சம் பதற்றக்காரி. "இன்ஹேலரைக் கையிலயே வச்சிக்கோ, நான் உள்ள சொல்லிடறேன்" என்றாள் அவள்.

நான்தான் தடுத்தேன். "எதுக்கு கண்ணு, மெழுகுவத்தி வெளிச்சத்துல எல்லாரும் கையைக் கோத்து நிக்கிறப்ப அந்த நீலக் குழாயோட நிப்பியா? பையில போடு. பை பக்கத்துலயே நான் நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன். எழுந்து வந்தா எட்டிப் பிடிக்கிற தூரம்."

"தேங்க்ஸ்மா" என்றாள். பையில் போட்டாள். கிரியரும் பார்த்தாள்.

பிறகு கிரியரை ஏசியில் நிற்க அனுப்பினேன். இன்ஹேலரை எடுத்து என் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். திருட்டு என்று எழுதாதீர்கள். திருடுகிறவர்கள் திருப்பி வைப்பதில்லை.

ஒரே ஒரு இடத்தில் என் கணக்கு தவறியது, அதையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு கட்டியதும் எழுந்து வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. உள்ளே ஒரு மூத்த பெண் அழுதுகொண்டே பேசுகிறாள், எல்லோர் கையிலும் ஒரு லில்லி, எல்லோரும் அழுகிறார்கள். அந்த நேரத்தில் எழுந்தால் மரியாதை இல்லை. எங்கள் பக்கத்துப் பெண் யாரும் எழ மாட்டாள். அவளை அப்படி வளர்த்திருக்கிறார்கள். பூவை மடியில் வைத்துக்கொண்டு பேச்சு முடிகிற வரை உட்கார்ந்திருந்தாளாம். அவள் அம்மா அழும்போது இதையும் யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். கொஞ்சம் மரியாதை கெட்டவளாக வளர்த்திருந்தால் முன்னாலேயே வெளியே வந்திருப்பாள்.

வெளியே வந்தபோது பேச்சு வரவில்லை. பையைக் காட்டினாள். கிரியர் பையைத் தேடினாள், பிறகு தலைகீழாகப் புல்லில் கொட்டினாள். குட்டி விசிறி, பவுடர், மாற்றுச் செருப்பு. இன்ஹேலரை மட்டும் காணோம்.

"இதுலதானே போட்டா, நான் பாத்தேனே. ஆம்புலன்ஸ் கூப்பிடலாம் வெர்லீனம்மா."

"இன்னிக்கு இந்த வாசல்ல சைரனா? ஆகஸ்டுல தெனம் ஒருத்தி மயங்கி விழறா, நான் பாக்காததா. இவ ஹாஸ்டல் ரூம்ல இன்னொண்ணு இருக்கும். ஓடு. நான் உள்ள படுக்க வைக்கிறேன்."

குதிகால் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள் அந்தப் பெண். சொன்னதைக் கேட்பாள், அதைச் சொல்ல வேண்டும்.

என் அறையில் நாற்காலியில் உட்கார வைத்தேன். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினாள். ஏசியைக் கூட்டினேன். ஈரத்துணி போட்டேன். "இன்ஹேலர்" என்று உதட்டை அசைத்தாள். "தேடுறாங்க கண்ணு, இதோ வந்துடும்" என்றேன். எதிர்ச்சாரியில் பச்சைக் கதவு வீட்டில் பாட்டு ஆரம்பித்தது. வாசலில் பெண்களை நிறுத்தி வரவேற்றுப் பாடுவார்கள், பாட்டு முடிந்ததும் கதவைச் சாத்துவார்கள். நீளமான பாட்டு, கடைசி அடியைத் திரும்பப் பாடுவார்கள். யார் எழுதினார்களோ.

அது வரை அவள் பயப்படாமல் இருக்க வேண்டுமே என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரக் கட்டிலைப் பற்றிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை சுடச்சுட பிஸ்கெட் ரொட்டியும் கிரேவியும் நானே செய்வேன் என்று சொன்னேன். சட்டனுடைய காதலன் அவளுக்குத் தெரியாமல் யாரோடு ஏரிக்கரைக்குப் போகிறான் என்பதைக்கூடச் சொன்னேன், அது நான் யாருக்கும் சொல்லாதது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கவனமாக என் பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை. உதடு நீலம் பாரித்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பாட்டு இன்னும் முடியவில்லை.

முடிந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உடனே எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். கொடுக்காமல் இல்லை, குறித்துக்கொள்ளுங்கள். இழுக்க அவளுக்குத் தெம்பு இல்லை. அதன் பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அவர்கள் வருவதற்குள் இன்ஹேலரைத் துடைத்து, புல்வெளியில் கிடந்தவற்றையெல்லாம் பொறுக்கி, அதையும் சேர்த்து அவள் பையில் வைத்து மூடினேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது என் வழக்கம். அந்தப் பையில் அது இல்லை என்று கிரியர் கவிழ்த்துப் பார்த்திருக்கிறாளே என்று அப்போது யோசிக்கவில்லை. அதை வைத்துத்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். சுத்தமாக இருந்ததற்காக மாட்டிக்கொண்டேன் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். எங்கள் பெண்கள் முந்தின நாளே கைதூக்கி முடிவுசெய்துவிட்டார்களாம், லின்லி வேண்டாம் என்று. "பாட்டு நடுவுல இருமிக்கிட்டே இருப்பா" என்றாளாம் சட்டன். கடைசி நாளுக்கு அழைத்தது வெறும் நாற்காலியை நிரப்பவாம். அவள் எங்கள் வீட்டைச் சொல்லியிருந்தாலும் கிடைத்திருக்காதாம்.

பயந்துபோன பெண்கள் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள், தம்பி. என்னைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு திரைச்சீலைகூட மாறியதில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சேர்த்திருப்பார்கள். இருமுகிறாள் என்று என் அறிக்கையில் சொன்னது உண்மைதான். அதை அவளுக்கு எதிராகவா சொன்னேன். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். பூவை மாற்றியது நான். இன்ஹேலரை எடுத்ததும், கிரியரை அனுப்பியதும், கதவு சாத்துகிற வரை காத்திருந்ததும் நான்தான். லின்லி ப்ரூயிட் செத்தது என்னால். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதக் கூடாது. அவளுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை என்று அவள் அம்மா சொன்னாலும், அதையும் எழுதக் கூடாது.

அந்த ஏப்ரனை எதற்காகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதன் பையின் தையல் எப்படிப் பிரிந்தது என்பதுதானே உங்கள் கேள்வி. அவள் பிடித்தாள். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு கையாலும் அந்த ஏப்ரன் பையைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள், விரல் விரலாகப் பிரித்தாலும் மறுபடி அதையே வந்து பிடித்தாள், கடைசி வரை விடவில்லை. பிரியமில்லாதவர்களை யாராவது அப்படிப் பிடித்துக்கொள்வார்களா, நீங்களே சொல்லுங்கள்.